ரீயூனியன் தீவில் ஆங்கிலம் கற்பிக்க வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்துவிட்டு, 2022 அக்டோபரில், இந்தியப் பெருங்கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் தெற்கிலுள்ள சேன் பியேர் நகரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்றுக்கு ஆங்கில உதவியாசிரியராக வந்தேன். ஒப்பந்தம் ஒருமுறை புதுப்பிக்கப்பட்டது. 2024 ஏப்ரல் வரை அந்த வேலையில் இருந்தேன். ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பக் காலம் தொடங்கியதும் கல்லூரியில் எனக்குப் பின்னால் படித்தவர்களும் அவர்களுடைய பெற்றோரும் வாட்ஸ்அப்பில் என்னிடம் கேட்கும் ஐயங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால், கேட்டவர்களின் வாக்கியங்களைக் கூடியவரை மாற்றாமல் இங்கே தொகுத்திருக்கிறேன்.

அக்கா, "மொழி உதவியாசிரியர்" என்றால் டீச்சரா, டீச்சருக்கு எடுபிடியா?

இரண்டும் இல்லை. பிரான்சு தன் அரசுப் பள்ளிகளில் பிறமொழிப் பாடங்களுக்குத் துணையாக, அந்த மொழியில் புழங்கும் நாடுகளிலிருந்து இளைஞர்களை ஆண்டுதோறும் வரவழைக்கிறது. பாரிசை ஒட்டிய சேவ்ர் நகரத்தில் இயங்கும் பிரான்சுக் கல்வி நிறுவனம் ஒன்று இதை ஒருங்கிணைக்கிறது; இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு நம் நாட்டிலுள்ள பிரெஞ்சு நிறுவனத்தின் வழியாகவே விண்ணப்பம். ரீயூனியன் பிரான்சின் ஒரு மாவட்டம் என்பதால் அதன் பள்ளிகளும் இதே திட்டத்துக்குள் வருகின்றன. வழக்கமான ஒப்பந்தம் அக்டோபர் 1 முதல் ஏப்ரல் 30 வரை, ஏழு மாதம். வாரத்துக்கு 12 மணி நேர வகுப்பு.

இலக்கணம் நடத்துவது, தேர்வு வைப்பது, மதிப்பெண் போடுவது எல்லாம் நிரந்தர ஆசிரியரின் பொறுப்பு. வகுப்பைப் பாதியாகப் பிரித்து ஒரு பாதியை உங்களிடம் அனுப்புவார்கள். அவர்களைப் பேச வைப்பதுதான் உங்கள் வேலை. முதல் வாரத்தில் வகுப்பு எண்களில் எல்லோரும் தடுமாறுவார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பதினொரு வயதுப் பிள்ளைகள் படிப்பது நம் ஊரைப் போலவே ஆறாவதுதான். ஆனால் அடுத்த ஆண்டு அவர்கள் ஐந்தாவதுக்குப் போவார்கள், பிறகு நான்காவது, மூன்றாவது என்று எண் இறங்கிக்கொண்டே வரும். "இரண்டாவது வகுப்பு உங்களுக்கு" என்று சொன்னார்களே என்று நான் குழந்தைப் பாடல்களோடு போய் நின்றபோது, எதிரில் மீசை அரும்பிய பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

என் ஆங்கிலம் இந்திய ஆங்கிலம். உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்களா?

உச்சரிப்புக்காக யாரும் சிரித்ததில்லை. அமெரிக்கர், இங்கிலாந்துக்காரர், தென்னாப்பிரிக்கர் எல்லோரும் இதே திட்டத்தில் வருகிறார்கள். பல நாட்டு ஆங்கிலம் மாணவர் காதில் விழ வேண்டும் என்பதே இந்தத் திட்டத்தின் பயன். மாணவர்களுடைய தடுமாற்றம் வேறு மாதிரியானது. 'ஹவுஸ்' என்பதில் ஹகரம் உதிர்ந்து 'அவுஸ்' ஆகும், 'திங்க்' என்பது 'சிங்க்' ஆகும். 'த' ஒலி நமக்கு நாக்கில் இயல்பாக நிற்பதால், அதைச் சொல்லிக்கொடுப்பதில் நமக்கு ஒரு சிறு வசதியும் இருக்கிறது.

கவனிக்க வேண்டியது உச்சரிப்பை அல்ல, நம் ஊருக்கு வெளியே பொருள் மாறிவிடும் தொடர்களை. ஆசிரியர் அறையில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, "ஐ பாஸ்ட் அவுட் இன் 2021" என்று சொன்னேன். ஆங்கிலத் துறைத் தலைவர் முகம் வாடி, இப்போது உடம்பு எப்படியிருக்கிறது என்று விசாரித்தார். படிப்பை முடித்தேன் என்று நான் சொன்னது அவருக்கு மயங்கி விழுந்தேன் என்று கேட்டிருக்கிறது. 'ப்ரீபோன்', 'குட் நேம்', 'டூ த நீட்ஃபுல்' முதலியவற்றையும் புறப்படுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அவை தவறானவை என்று நான் நினைக்கவில்லை. இந்திய ஆங்கிலத்தைப் பற்றிய ஒரு வகுப்புக்கு எனக்கு அவை நன்றாகவே உதவின. தெரியாமல் சொல்வதற்கும் தெரிந்து சொல்வதற்கும் வேறுபாடு உண்டு, அவ்வளவுதான்.

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கத்தானே போகிறேன், பிரெஞ்சு எதற்கு?

வகுப்பறைக்குள் பிரெஞ்சு தேவையில்லை. பேசாமல் இருப்பதே நல்லது. உங்களுக்குப் பிரெஞ்சு புரியும் என்று தெரிந்த நாளிலிருந்து மாணவர்கள் ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடுவார்கள். ஆனால் வகுப்பு வாரத்துக்கு 12 மணி நேரம் மட்டுமே. மற்ற நேரமெல்லாம் வங்கி, வீட்டுக்காரர், மருத்துவர், பள்ளி அலுவலகம், சமூகக் காப்பீட்டு அலுவலகம் ஆகியவற்றோடு கழியும்; இங்கே எங்கும் ஆங்கிலம் செல்லாது. மொரிஷியஸ் பக்கத்துத் தீவுதானே, அங்கே ஆங்கிலம் ஓடுகிறதே என்ற கணக்கு இங்கே பொய்த்துப்போகும்.

திட்டத்தில் சேர இடைநிலைப் பிரெஞ்சு தேவை, அதாவது ஐரோப்பிய அளவுகோலில் பி-1 என்ற நிலை. என் அனுபவத்தில் அது சான்றிதழுக்குப் போதும், தொலைபேசிக்குப் போதாது. எதிரில் இருப்பவர் வாயசைவைப் பார்க்காமல் பிரெஞ்சைப் புரிந்துகொள்வதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். விண்ணப்பித்த நாளிலிருந்து புறப்படும் நாள்வரை நாளும் அரை மணி நேரம் பிரெஞ்சு வானொலி கேளுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்: உங்களை இங்கே கொண்டுவருவது ஆங்கிலம்; தாக்குப்பிடிக்க வைப்பது பிரெஞ்சு.

ரீயூனியனில்தான் நம்ம ஆளுங்க நிறைய இருக்காங்களே, தமிழ் பேசியே சமாளிச்சுடலாம்தானே?

முடியாது. எல்லோரும் ஏமாறும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமைமுறை முடிவுக்கு வந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. பிரெஞ்சு இந்தியத் துறைமுகங்களிலிருந்தும், 1860இல் ஆங்கிலேய அரசோடு செய்துகொண்ட உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேய இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரம் பேர் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் தமிழர். அவர்கள் நடத்தப்பட்ட விதம் பற்றிய புகார்கள் பெருகியதால் 1882இல் ஆங்கிலேயர் அந்த ஆட்சேர்ப்பை நிறுத்தினார்கள். அப்படி வந்த கூலிகளுடைய வழித்தோன்றல்களை இங்கே 'மல்பார்' என்கிறார்கள். கோவில், காவடி, தீமிதி எல்லாம் நிலைத்தன. பேச்சுமொழி மட்டும் இரண்டு மூன்று தலைமுறைக்குள், பிரெஞ்சிலிருந்து உருவான இந்தத் தீவு மொழியான கிரியோலாக மாறிவிட்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமை சேன் பியேர் நரசிங்கப் பெருமாள் கோவிலில், பட்டுப்புடவையும் மல்லிகைச் சரமுமாக நின்ற ஒரு பாட்டியிடம், "பாட்டி, அர்ச்சனை டிக்கெட் எங்கே வாங்குவது?" என்று கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, கண் கலங்க, கிரியோலில் நீளமாக ஏதோ சொன்னார். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவருக்கும் என் கேள்வி புரியவில்லை. பக்கத்தில் நின்ற அவருடைய பேத்தி பிரெஞ்சில் விளக்கினாள்: தன் பாட்டியின் பாட்டி பேசியதுபோல் நான் பேசுகிறேனாம். அந்தப் பெண்ணின் கையில் இருந்த தேவாரத் தாளில் பாடல் முழுவதும் பிரெஞ்சு எழுத்துகளில் எழுதப்பட்டிருந்தது.

தமிழ் பேசுகிறவர்களே இல்லை என்று பொருளில்லை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த குருக்கள், புதுச்சேரிக் குடும்பங்கள், சங்கங்களில் தமிழ் கற்பிக்கிறவர்கள் என்று ஒரு சிறு வட்டம் உண்டு. அவர்கள் வீட்டு ரசத்துக்காக நான் இரண்டு பேருந்து மாறிப் போயிருக்கிறேன். ஆனால் அந்த வட்டத்துக்குள்ளேயே சுருண்டுகொண்டால் ஏழு மாதமும் பிரெஞ்சு வராது, கிரியோலும் வராது. கிரியோலில் நம் சொற்கள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பது ஒரு தனி இன்பம்: சந்தையில் முருங்கைக் கீரையை 'பிரேத் மூரூம்' என்பார்கள், பீர்க்கங்காய் 'பிப்பங்காய்', கறிவேப்பிலை 'கலுப்பிலே'.

ரீயூனியனையே கேட்டு வாங்க முடியுமா? விசா பாரிசுக்குப் போகிறவர்களுக்குக் கொடுப்பதேதானா?

விண்ணப்பத்தில் விருப்பமான கல்வி மண்டலங்களைக் குறிக்கலாம். ஒதுக்குவது அவர்கள் முடிவு. ரீயூனியன் வேண்டுமென்றால் அதை முதலில் எழுதி, ஏன் வேண்டும் என்பதற்குக் கடிதத்தில் ஒரு காரணமும் சொல்லுங்கள். கடற்கரை காரணமாகாது.

விசாவைப் பொறுத்தவரை, பிரான்சின் பகுதியாக இருந்தாலும் ரீயூனியன் ஷெங்கன் எல்லைக்குள், அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கு ஒரே விசா செல்லும் பகுதிக்குள், இல்லை. ஷெங்கன் விசாவை வைத்துக்கொண்டு இங்கே இறங்க முடியாது. நீங்கள் கேட்க வேண்டியது ரீயூனியனுக்குச் செல்லும் என்று குறிப்பிடப்பட்ட நீண்டகாலத் தற்காலிகப் பணியாளர் விசா. அதற்குத் தொழிலாளர் துறை ஒப்புதல் பெற்ற ஒப்பந்தத்தின் நகல் கையில் இருக்க வேண்டும். கடவுச்சீட்டு திரும்பி வந்ததும் விசாத் தாளில் ஊர்ப்பெயரைப் படித்துப் பார்த்துவிடுங்கள். பயணத்துக்கு மொரிஷியஸ் வழி எளிது. இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கே முன்கூட்டி விசா தேவையில்லை. அங்கிருந்து ரீயூனியனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பறப்பு.

எனக்கு குடும்பப் பெயரே கிடையாது, இனிஷியல் மட்டும்தான். படிவத்தில் என்ன எழுதுவது?

பிரெஞ்சுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட முடியாது. விதி ஒன்றுதான்: கடவுச்சீட்டில் எது எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ அதுவே எல்லாத் தாள்களிலும் இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஒரு வரிசை, வங்கியில் வேறு வரிசை, காப்பீட்டில் இன்னொன்று என்று ஆகிவிட்டால் அரசுக் கணக்கில் நீங்கள் மூன்று பேர். எனக்கு இரண்டு பேராக இருந்த அனுபவம் உண்டு. ஒருத்திக்குச் சம்பளம் வந்தது, மற்றவளுக்கு மருத்துவச் செலவு திரும்பக் கிடைக்கவில்லை. கடவுச்சீட்டு இன்னும் எடுக்காதவர்கள் இனிஷியலை விரித்து அப்பா பெயரைக் குடும்பப் பெயராகவே பதிந்துகொள்வது நல்லது. பிறப்புச் சான்றிதழில் அப்பா அம்மா இருவர் பெயரும் இருக்க வேண்டும்; அப்போஸ்தில் முத்திரையும் (சான்றிதழ் அயல்நாட்டில் செல்லுபடியாவதற்கான அரசு முத்திரை) பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் ஊரிலேயே முடித்துக்கொண்டு வாருங்கள்.

பெயர் பற்றிய கூச்சம் மட்டும் வேண்டாம். இங்குள்ள ராமசாமிகளும் வீரப்பிள்ளைகளும் முத்துசாமிகளும் இப்படித்தான் உண்டானார்கள்: கப்பலில் வந்த ஒருவருடைய சொந்தப் பெயர், எழுத்தர் காதில் விழுந்தபடி பதிவேட்டில் ஏறி, அவருடைய பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் குடும்பப் பெயராக நின்றுவிட்டது.

சம்பளம் போதுமா? கையில் எவ்வளவு எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

சிக்கனமாக இருக்கும் தனி ஆளுக்குப் போதும்; வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. எனக்குப் பிடித்தம் போகக் கைக்கு வந்தது ஆயிரம் யூரோவை ஒட்டிய தொகை. பகிர்ந்துகொண்ட வீட்டில் ஓர் அறைக்கு 430 யூரோ வாடகை கொடுத்தேன். இறக்குமதிப் பொருள்கள் விலை அதிகம். சந்தைக் காய்கறி, அரிசி, பருப்பு கட்டுப்படியாகும்.

சிக்கல் தொகையில் இல்லை, தேதியில். வங்கிக் கணக்கு திறக்க முகவரிச் சான்று கேட்பார்கள், வீட்டுக்காரர் வங்கிக் கணக்கு கேட்பார், கணக்கு எண் இல்லாமல் பள்ளி அலுவலகம் சம்பளக் கோப்பை அனுப்பாது. இந்தச் சுழலில் அக்டோபர்ச் சம்பளம் நவம்பர் கடைசியில் வருவது அரிதில்லை. வந்த முதல் வாரத்திலேயே முன்பணம் கேட்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வீட்டு முன்பணத்தையும் சேர்த்து இரண்டு மாதச் செலவு, அதாவது ஏறத்தாழ 1,800 யூரோ, கையில் இருந்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

வீட்டை ஊரிலிருந்தே பேசி முடித்துவிடலாமா?

பணம் அனுப்பாதீர்கள். நான் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பிய அறை, போய்ப் பார்த்தபோது கார் நிறுத்தும் கொட்டகையாக இருந்தது. பாதிப் பணம்தான் திரும்பி வந்தது. பள்ளியில் உங்களுக்கென்று ஒரு பொறுப்பாசிரியர் இருப்பார். முதல் இரண்டு வாரத்துக்கு யாராவது ஆசிரியர் வீட்டில் அறை கிடைக்குமா என்று அவரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். இங்குள்ள ஆசிரியர்கள் இந்த விஷயத்தில் தாராளமானவர்கள். பிணையாள் கேட்டால், இளைஞர்களுக்கு அரசு சார்ந்த 'விசால்' என்ற இலவச வாடகைப் பிணை இருக்கிறது. பள்ளிக்கு நடந்து போகும் தூரத்திலோ, மஞ்சள் நிறத் தொலைதூரப் பேருந்துகள் நிற்கும் தடத்திலோ வீடு பாருங்கள். மலைச்சரிவில் மலிவாகக் கிடைக்கும் வீட்டுக்கு மாலை ஏழு மணிக்குமேல் பேருந்து இருக்காது.

முதல் வகுப்பில் என்ன செய்வது? நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

நான் செய்த தவற்றிலிருந்து தொடங்குகிறேன். இந்தியாவைப் பற்றி நாற்பது பக்க விளக்கப் படக்காட்சி தயாரித்துக்கொண்டு போனேன். தாஜ்மகால், மயில், மெரினா எல்லாம் இருந்தன. 55 நிமிட வகுப்பில் ஐம்பது நிமிடம் நானே பேசினேன். மாணவர்கள் அமைதியாகக் கேட்டார்கள், கடைசியில் கைதட்டவும் செய்தார்கள். ஒருவரும் ஓர் ஆங்கில வாக்கியம் பேசவில்லை. உங்கள் வேலை எது என்று முதல் கேள்வியில் சொன்னேனோ, அதை நான் ஒரு நொடிகூடச் செய்யவில்லை.

இரண்டாம் வாரம் ஒரு துணிப்பை மட்டும் கொண்டு போனேன். அதில் எவர்சில்வர் டிபன் டப்பா, பயன்படுத்திய ரயில் பயணச்சீட்டு, கொட்டாங்குச்சிக் கரண்டி, ஒரு முழம் பூக்கட்டும் நார், என் அம்மாவின் ரேஷன் அட்டை நகல் ஆகிய ஐந்து பொருள்கள். ஒவ்வொன்றையும் ஒரு குழுவிடம் கொடுத்து, இது என்ன, யாருடையது, எதற்கு என்று ஊகித்து ஆங்கிலத்தில் மட்டும் சொல்லச் சொன்னேன். நான் ஆம், இல்லை என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை என்று விதி வைத்துக்கொண்டேன். டிபன் டப்பாவின் அடுக்குகளைக் கழற்றிக் காதில் வைத்துக் கேட்ட பையன், இது வெடிகுண்டா என்று தொடங்கி, பிறகு ராணுவ வீரரின் சாப்பாடு, பிறகு கோவில் மணி என்று பதினைந்து நிமிடம் விடாமல் பேசினான். அவன் அந்த ஆண்டு வகுப்பில் வாயே திறந்ததில்லை என்று ஆசிரியர் பிறகு சொன்னார்.

பேசும்போது பிழை திருத்தாதீர்கள். தாளில் குறித்துக்கொண்டு கடைசி ஐந்து நிமிடத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல், பலகையில் எழுதுங்கள். கூச்சல் அதிகமானால் குரலை உயர்த்த வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கை நிரந்தர ஆசிரியரின் கையில் இருப்பது, உங்கள் கையில் இருப்பதல்ல. இரண்டு பேரை அவரிடம் திருப்பி அனுப்புவீர்கள் என்று தெரிந்தாலே மற்றவர்கள் அடங்கிவிடுவார்கள்.

நான் தினமும் திருநீறு பூசுகிறவன். என் தங்கை பொட்டு வைப்பாள். பள்ளியில் ஏதாவது சொல்வார்களா?

சொல்வார்கள், சொல்வதற்குச் சட்டமும் இருக்கிறது. 2004 மார்ச் 15ஆம் நாளின் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்கள் பளிச்சென்று தெரியும் சமயக் குறிகளை அணியக்கூடாது. பணியாளர்களுக்கு விதி இன்னும் கடுமை: பெரிதோ சிறிதோ எந்தச் சமயக் குறியும் கூடாது. ஒப்பந்தப் பணியாளர் என்பதால் உங்களுக்கும் இது பொருந்தும். திருநீறும் குங்குமமும் சமயக் குறிகள் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. அலங்காரத்துக்கு ஒட்டும் ஸ்டிக்கர் பொட்டை ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு மாதிரி பார்க்கும். முதல் நாளே பள்ளி முதல்வரிடம் நேராகக் கேட்டுவிடுவது, பிறகு யாரோ புகார் சொல்லித் தெரிந்துகொள்வதைவிட நாகரிகமானது.

இது நமக்கு எதிரான விதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிலுவைக்கும் முக்காட்டுக்கும் இதே விதிதான். பள்ளி வாசலைத் தாண்டியதும் யாரும் எதுவும் கேட்பதில்லை. என்னோடு பணியாற்றிய கணித ஆசிரியர் ஒருவர், காவடி விரதத்தின்போது காலையில் கோவிலில் பூசிய திருநீற்றைப் பள்ளி வாசலில் காரின் கண்ணாடியைப் பார்த்துத் துடைப்பார். மாலையில் அதே இடத்தில் சிறு சம்படத்திலிருந்து எடுத்து மறுபடியும் பூசிக்கொண்டு புறப்படுவார்.

பெண்பிள்ளையைத் தனியாக அனுப்புகிறோம் அம்மா. பயமில்லாத ஊர்தானா?

மனிதர்களைப் பொறுத்தவரை மற்ற நகரங்களில் எடுக்கும் எச்சரிக்கை போதும். இந்தத் தீவில் நான் மதித்துப் பயப்படுவது கடலையும் காற்றையும்தான். சுறாத் தாக்குதல்களால் 2013 முதல், பவளப்பாறை சூழ்ந்த காயல் பகுதியிலும் காவல் உள்ள இடங்களிலும் தவிரக் கடலில் இறங்கத் தடை இருக்கிறது. மெரினாவில் கால் நனைக்கும் பழக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் இறங்கிவிடக் கூடாது.

புயல் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. உங்கள் ஒப்பந்தக் காலம் ஏறக்குறைய முழுவதும் அதற்குள் அடங்கும். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் பள்ளிகள் மூடப்படும், சிவப்பு வந்தால் வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது. அதற்கும் மேலே ஊதா என்று ஒன்று உண்டு. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது அதை அறிவித்தார்கள். அன்று நாங்கள் மூன்று பெண்கள், படுக்கை விரிப்புகளைச் சன்னல் இடுக்கில் திணித்துவிட்டுக் கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தோம். இரும்புக் கதவு உள்நோக்கி மூச்சு வாங்குவதுபோல் அசைந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதன்பின் இரண்டு நாள் மின்சாரம் இல்லை. தண்ணீர்க் குடம், மெழுகுவத்தி, பேட்டரியில் ஓடும் வானொலி, சமைக்காமல் தின்னக்கூடிய உணவு ஆகியவற்றை நவம்பரிலேயே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். புயல் நாளில் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே வராதபடி பார்த்துக்கொள்வதில் இந்த ஊர் நிர்வாகம் நம் அம்மாக்களைவிடக் கண்டிப்பானது.

சைவம் மட்டும்தான் சாப்பிடுவேன். பட்டினிதானா?

இல்லை. சோறும் பருப்பும் இங்கே அன்றாட உணவு. சிலாவோஸ் மலைப் பருப்புக்குத் தீவெங்கும் பெயர் உண்டு. கீரை, பூசணி, சௌசௌ எல்லாம் கிடைக்கும். ஆனால் 'கறி' என்றால் உள்ளே இறைச்சியோ மீனோ இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கோவில் விழா நாள்களில் வாழையிலையில் பல கறிகளோடு பரிமாறும் சைவச் சாப்பாட்டுக்கு அழைப்பு வந்தால் எந்த வேலை இருந்தாலும் போய்விடுங்கள்.

தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விடுமுறை உண்டா?

கிடையாது. சேன் ஆந்த்ரே நகரத்தில் தீபாவளியை ஊர்விழாவாகவே கொண்டாடுவார்கள், ஆனால் மறுநாள் காலை எட்டு மணிக்கு வகுப்பு இருக்கும். டிசம்பர் 20 மட்டும் அடிமைமுறை ஒழிப்பு நாள் என்பதால் பொது விடுமுறை. அதை ஒட்டி, டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரிக் கடைசிவரை கோடை விடுமுறை. பூமியின் தென்பாதியில் அதுதான் கோடை. பொங்கல் அதற்குள்ளேயே வந்துவிடும்.

வாரம் 12 மணிதானே வேலை, மிச்ச நேரத்தில் டியூஷன் எடுத்துச் சம்பாதிக்கலாமா?

விசாவைப் பற்றிச் சொன்னபோது குறிப்பிட்ட வேலை அனுமதி அந்த ஒரு ஒப்பந்தத்துக்கு மட்டுமே உரியது. எனவே காசு வாங்கிக்கொண்டு தனிவகுப்பு எடுக்கும் முன் பள்ளி நிர்வாகத்திடமும் வெளிநாட்டவர் அலுவலகத்திடமும் எழுத்தில் அனுமதி கேட்க வேண்டும். பெற்றோர்கள் ஆசையோடு அழைப்பார்கள், பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்பார். சட்டத்துக்கு அது பதிலாகாது. நான் ஒரு மூத்த ஆசிரியையின் மகனுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன், அவர் எனக்குப் பிரெஞ்சில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தார். காசு கைமாறவில்லை, என் பிரெஞ்சு தேறியது அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான்.

ஏழு மாதம் முடிந்ததும் அங்கேயே நிரந்தர ஆசிரியராகிவிட முடியுமா?

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். எனக்கு ஒருமுறை கிடைத்தது. நிரந்தர அரசு ஆசிரியராவதற்குப் போட்டித் தேர்வு எழுத வேண்டும், அதற்குப் பிரான்சு அல்லது ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை வேண்டும். குடியுரிமை இல்லாதவர்களுக்கு இருக்கும் வழிகள், ஆள் பற்றாக்குறை உள்ள இடங்களில் ஒப்பந்த ஆசிரியர் பணி, ரீயூனியன் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு, முதுகலையில் ஓராண்டாவது முடித்தவர்களுக்குப் பல்கலைக்கழக மொழிப் பயிற்றுநர் பணி ஆகியவை. ஒவ்வொன்றுக்கும் விசா வகை மாறும் என்பதால் ஏப்ரல் வரை காத்திருக்காமல் ஜனவரியிலேயே அலுவலகத்துக்கு எழுதத் தொடங்குங்கள்.

புதுச்சேரிக்காரர்கள் சிலர், "தாத்தா பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்தவர், எனக்கும் வருமா?" என்று கேட்கிறார்கள். 1956இல் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்படைப்பு உடன்படிக்கையின்படி யார் எந்தக் குடியுரிமையைத் தேர்ந்தார்கள் என்பதைப் பொறுத்தது அது. தாத்தாவின் தாள்களை எடுத்துக்கொண்டு புதுச்சேரித் துணைத்தூதரகத்துக்குப் போங்கள். வாட்ஸ்அப்பில் என்னிடம் புகைப்படம் அனுப்புவதால் பயனில்லை.

மாணவர்கள் "நீங்க மல்பாரா?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

முதல் மாதத்துக்குள் கட்டாயம் கேட்பார்கள். நீங்கள் பார்ப்பதற்கு அவர்களுடைய அத்தை, மாமாவைப் போல் இருக்கிறீர்கள், ஆனால் கிரியோல் பேசவில்லை. அவர்களுக்குக் குழப்பமாக இருப்பதில் வியப்பில்லை. நான், "இல்லை, தமிழ்நாட்டிலிருந்து வந்த தமிழ்ப்பெண், உங்கள் கொள்ளுப்பாட்டன் புறப்பட்ட கரையில் இருந்து வருகிறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்வேன். நாங்கள்தான் அசல், நீங்கள் நகல் என்ற தொனி குரலில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் இருந்து வரும் பெரியவர்கள் சிலர் இங்குள்ள கோவில்களில் நின்று, ஆட்டுப்பலி கொடுக்கிறார்களே, மந்திரத்தைத் தப்பாகச் சொல்கிறார்களே என்று முகம் சுளிப்பதைப் பார்த்திருக்கிறேன். நூற்றைம்பது ஆண்டுகளாக யார் துணையுமில்லாமல் காப்பாற்றி வைத்திருக்கிறவர்களிடம் பேசும் பேச்சா அது?

நான்காம் கேள்வியிலும் பெயர் பற்றிய கேள்வியிலும் சொன்னவற்றை ஒரு வகுப்பாகவே நடத்தலாம். வருகைப் பதிவின்போது நான் ஒரு பெண்ணின் குடும்பப் பெயரைப் பிரெஞ்சு முறையில் இழுக்காமல் 'வீராசாமி' என்று நம் முறையில் வாசித்துவிட்டேன். வகுப்பு அமைதியானது. அவள், அதை எழுதிக் காட்ட முடியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள். பலகையில் தமிழில் எழுதினேன். தன் கைமேல் பேனாவால் அதைப் பார்த்து வரைந்துகொண்டாள். மறுவாரம் பதினொரு பேர் பெயரோடு வரிசையில் நின்றார்கள். உன் பெயர் எங்கிருந்து வந்தது என்று வீட்டில் விசாரித்து ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம் சொன்னால்தான் எழுதித் தருவேன் என்றேன். மல்பார் அல்லாத பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள், அவர்கள் பெயர்களையும் தமிழில் எழுதினேன். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும்: 'பிள்ளை' போன்ற ஒட்டுகளைக் கண்டதும் சாதி விளக்கத்துக்குப் போகாதீர்கள். பெயரின் பொருள் தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்லுங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களில் சில நமக்கும் பிடிபடாது.